நெல்லையில் நடுவரிசைக் குடும்பத்தின் வருமானம் என்ன?

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, யாருக்குப் பணம், யாருக்கு இல்லை என்று பிரிக்க ஒரு கோடு போடப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் என்றால் ஐந்து ஏக்கர், புன்செய் என்றால் பத்து ஏக்கர், மின்சாரம் என்றால் ஆண்டுக்கு 3,600 யூனிட் என்று துணைக் கோடுகளும் இருந்தன. முதல் கட்டத்தில் ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்கள் தேர்வானார்கள். சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் சீவலப்பேரியை எடுத்துக்கொள்வோம். அந்த ஊர்க் குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால், இரண்டரை லட்சம் என்ற கோடு எந்த இடத்தில் விழும்? கோட்டுக்குக் கீழே பாதிப் பேர் நிற்பார்களா, முக்கால்வாசிப் பேரா, பத்தில் ஒன்பது பேரா? சொல்வதற்கு எந்த அரசு ஆவணமும் கிடையாது. சீவலப்பேரிக்கு மட்டுமல்ல, பாளையங்கோட்டை ஒன்றியத்துக்கும் திருநெல்வேலி மாவட்டத்துக்கும்கூடக் கிடையாது. கோடு போட்டாயிற்று, நடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் அளக்கவில்லை.

வரிசையின் சரிநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தைப் புள்ளியியலில் இடைநிலை வருமானம் என்பார்கள். பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலே, பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே. சராசரிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு தெருவில் பதினோரு குடும்பங்கள். பத்துக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் வருகிறது. பதினோராவது வீடு கல்குவாரி முதலாளியுடையது, அவருக்கு ஒரு கோடி. தெருவின் சராசரி வருமானம் பதினோரு லட்சத்தைத் தொடுகிறது. இடைநிலை வருமானம் இரண்டே லட்சம். அந்தத் தெருவில் பள்ளிக்கட்டணம், வீட்டு வாடகை, மருத்துவச் செலவு பற்றி முடிவெடுக்க வேண்டியவருக்கு எந்த எண் உதவும் என்பதில் சந்தேகமில்லை.

மாவட்ட அளவில் இன்று நமக்குக் கிடைப்பது சராசரிதான். பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை மாவட்டவாரியாகக் கணக்கிடும் தனிநபர் வருமானம் என்பது, மாவட்ட எல்லைக்குள் உருவான உற்பத்தி மதிப்பைக் கூட்டி மக்கள்தொகையால் வகுத்துப் பெறுவது. திருநெல்வேலிக்கு இந்த முறை இரண்டு பக்கமும் தவறாகப் பொருந்துகிறது. ராதாபுரம் வட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகள் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறன் கொண்டவை. பணகுடிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே உருவாகும் மதிப்பில் பெரும்பகுதி மாவட்டத்து அடுப்படி எதற்கும் வந்து சேர்வதில்லை. எல்லைக்குள் உருவானதை எண்ணும் முறையில் அது மாவட்டத்தின் வருமானமாகிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, மேலப்பாளையத்துக்கு வளைகுடாவிலிருந்து வரும் பணம், சென்னையிலும் மும்பையிலும் பலசரக்குக் கடை நடத்துபவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம், எல்லைப் பணியில் இருக்கும் ராணுவ வீரரின் சம்பளம் ஆகியவை குடும்பங்களுக்கு வந்து சேர்கின்றன, கணக்கில் சேர்வதில்லை. போதாததற்கு மாவட்டமே மாறிக்கொண்டிருக்கிறது. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் முப்பது லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த மாவட்டத்தில், தென்காசி போன பிறகு அதே கணக்கின்படி பதினாறு, பதினேழு லட்சம் பேர்தான் மிஞ்சினார்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து வளர்ச்சி என்று சொல்வதற்கு அடிப்படையே இல்லை.

நடு தெரியாமல் கோடு போடுவதன் விளைவை இருக்கும் புள்ளிவிவரத்தைக் கொண்டே காட்டலாம். 2022-23-இல் நடந்த தேசிய நுகர்வுச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக 5,310 ரூபாய். நான்கு பேர் உள்ள குடும்பம் என்றால் ஆண்டுக்கு 2,54,880 ரூபாய். உரிமைத் தொகையின் வருமான வரம்பு ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது! குடும்பத்தில் மூன்று பேர் என்றால் அதே வாழ்க்கைத் தரத்துக்கு 1,91,160 ரூபாய்தான் ஆகிறது. கோட்டுக்கு வசதியாகக் கீழே வந்துவிடுகிறார்கள். செலவு வேறு, வருமானம் வேறு, சராசரி வேறு, இடைநிலை வேறு என்பதெல்லாம் சரி. ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: வரம்பு போடப்பட்டிருப்பது குடும்பங்கள் நெருக்கமாகக் குவிந்து நிற்கும் இடத்தில். அங்கே கோடு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் அளவு துல்லியமாக இருக்க வேண்டும்.

குடும்ப வருமானத்தை அளக்க இந்தியா முயலவில்லை என்று சொல்ல முடியாது. தேசிய மாதிரி ஆய்வு 1955-இலும் 1958-59-இலும் செலவுக் கேள்விகளோடு வருமானத்தையும் சேர்த்துக் கேட்டுப் பார்த்தது. 1964-65-இலும் 1969-70-இலும் மறுபடியும் முயன்றது. ஒவ்வொரு முறையும் மக்கள் சொன்ன வருமானம், அவர்களே சொன்ன செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருந்தது. அதோடு அந்த வேலை கைவிடப்பட்டது. 2011-இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு கிராமப்புற வீடுகளில் வேறு விதமாகக் கேட்டது: வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானம் ஐந்தாயிரத்துக்குக் கீழா, ஐந்திலிருந்து பத்தாயிரத்துக்குள்ளா, பத்தாயிரத்துக்கு மேலா? நாடு முழுவதும் நூற்றுக்கு 74 வீடுகளுக்கு மேல் முதல் கட்டத்திலேயே விழுந்தன. நடுவில் நிற்கும் வீடும் அதற்குள்ளேதான் இருக்கிறது. அது 1,500 ரூபாய் வீடா, 4,500 ரூபாய் வீடா என்று பிரித்தறிய வழியே இல்லை. கோடிக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்டியும், நடு எங்கே என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காதபடி கட்டங்கள் அமைந்துவிட்டன. அதுவும் குடும்பத்தின் வருமானம் அல்ல, ஒருவருடையது. தாயும் மகளும் பீடி சுற்றி, தகப்பன் கொத்தனார் வேலைக்குப் போகும் வீட்டில் மூன்று வருமானம் உண்டு. கணக்கெடுப்பு பார்த்தது ஒன்றை.

தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு குத்தகை விவசாயியின் வருமானத்தைக் கணக்கிடப் புகுந்தால், மக்கள் ஏன் குறைத்துச் சொல்கிறார்கள் என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும். பல சமயம் அவர்களுக்கே தெரியாது. கார் சாகுபடி, பிசான சாகுபடி என்று இரண்டு பூ விளைந்த ஆண்டு ஒன்று. அணையில் தண்ணீர் இல்லாமல் கார் தவறிப்போன ஆண்டு ஒன்று. விதை நெல், டிராக்டர் உழவு, நடவுக் கூலி, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக, நிலக்காரருக்குக் குத்தகை அளந்து கொடுத்தது போக மிஞ்சுவதுதான் வருமானம். வீட்டுக்கு எடுத்து வைத்த நெல்லுக்கும் விலை போட்டுச் சேர்க்க வேண்டும். வாழை போட்டவருக்கு ஒரே காற்றில் ஓராண்டு உழைப்பு படுத்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கினவே, அந்த ஆண்டு வருமானத்தை மட்டும் கேட்டால் வசதியான விவசாயியும் ஏழையாகத் தெரிவார். பீடி சுற்றுவதில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாரக்கூலி. ஒருவர் பெயரிலுள்ள பாஸ்புத்தகத்தில் இரண்டு மூன்று பேர் சுற்றியது ஏறும். இவ்வளவையும் "மாச வருமானம் எவ்வளவுங்க?" என்ற ஒரு வரிக் கேள்வியில் அடக்கப் பார்த்தால் வாய்க்கு வந்த எண்தான் விடையாகும்.

பொறுமையாகக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நல்ல சாட்சி, சீவலப்பேரிக்கு மேற்புறம் அதே சிற்றாற்றங்கரையில் இருக்கும் கங்கைகொண்டான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்து 1918-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலில் இடம்பெற்ற ஊர்களில் கங்கைகொண்டானும் ஒன்று. 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களுக்குத் திரும்பிப் போய் மறுஆய்வு செய்தார்கள். பிற்காலத்திலும் ஆய்வாளர்கள் போனார்கள். இந்தியாவில் ஒரு கிராமத்தின் பொருளாதாரத்தை இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த மரபு மிக அரிது, அது நெல்லைச் சீமையில் இருக்கிறது என்பதை இந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று அதே கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டை, டயர் ஆலை, டாடா குழுமத்தின் சூரிய மின்தகடு ஆலை. ஆலைகளின் உற்பத்தி மாவட்டக் கணக்கில் பெரிய எண்ணாக ஏறும். சுற்றுப்பட்டு ஊர்களில் நடுவரிசைக் குடும்பத்தின் வருமானம் எவ்வளவு ஏறியது என்பது அந்த எண்ணில் இல்லை.

கிராமம் கிராமமாக இப்படி ஆழ உழ முடியாது. மாதிரி எடுத்துத்தான் கேட்க வேண்டும். மாதிரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஓர் ஒன்றியத்தில் இருபது குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வருமானத்தைச் சரியாகவே அளந்து, வரிசைப்படுத்தியதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றியத்தின் உண்மையான இடைநிலை வருமானம், அந்த இருபதில் ஆறாவது குடும்பத்துக்கும் பதினைந்தாவது குடும்பத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்றுதான் நூற்றுக்கு 95 உறுதியோடு சொல்ல முடியும். அது மிக அகலமான இடைவெளி. ஒரு முனையில் கூலிக் குடும்பம், மறுமுனையில் ஆசிரியர் குடும்பம் இருக்கலாம். இருநூறு குடும்பங்கள் என்றால் 86-ஆவதுக்கும் 115-ஆவதுக்கும் நடுவே வந்துவிடுகிறது. இது பயன்படும் அளவு. ஆனால் ஒரே தெருவில், ஒரே ஊரில் பத்துப் பத்து வீடாகக் கேட்டால் விடைகள் ஒன்றுபோல இருக்கும் என்பதால், நடைமுறையில் இருநூறும் போதாது. நெல்லையின் ஒன்பது ஒன்றியங்களுக்கும் நகரங்களுக்கும் தனித்தனியே நம்பகமான எண் வேண்டுமானால் ஆயிரக்கணக்கான வீடுகள் வேண்டும். மாநிலம் முழுவதற்கும் அப்படிச் செய்வது ஆண்டுதோறும் நடக்கக்கூடிய காரியமல்ல.

இதே முட்டுச்சந்தில் நின்ற அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டார்கள். 1970-களில் மத்திய அரசின் வருவாயை உள்ளாட்சிகளுக்குப் பகிர, ஒவ்வொரு சிற்றூரின் தலைவீத வருமானமும் தேவைப்பட்டது. மிகச் சிறிய ஊர்களில் மாதிரி சிறிதாக இருந்ததால் எண் தாறுமாறாக ஆடியது. 500 பேருக்குக் குறைந்த ஊர் என்றால் அது அடங்கிய கவுண்டியின் எண்ணையே தூக்கி வைத்தார்கள். ராபர்ட் ஃபே, ரோஜர் ஹெரியட் இருவரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை இதைச் சீர்செய்தது. அவர்கள் சொன்னது இதுதான்: ஓர் ஊரைப் பற்றி நமக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, அந்த ஊரில் நேரில் கேட்ட சில வீடுகள். மற்றொன்று, வரி விவரம், வீட்டு மதிப்பு போன்ற பதிவேடுகளை வைத்து, இப்படிப்பட்ட ஊரில் வருமானம் இவ்வளவு இருக்கலாம் என்று மற்ற எல்லா ஊர்களின் அனுபவமும் தரும் மதிப்பு. நேரில் கேட்ட வீடுகள் நிறைய என்றால் முதல் சாட்சிக்கு அதிக எடை. கொஞ்சம் என்றால் இரண்டாவது சாட்சிக்கு. எவ்வளவு எடை என்பதும் மனம்போல அல்ல, ஒவ்வொரு சாட்சியின் பிழை எவ்வளவு என்று கணக்கிட்டே தீர்மானிக்கப்படுகிறது. அந்த வழியில் வளர்ந்த திட்டத்தின் மூலம் இன்று அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை, நம் மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட அளவிலுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டிகளுக்கு ஆண்டுதோறும் குடும்பங்களின் இடைநிலை வருமானத்தை வெளியிடுகிறது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்கும் எண் உண்டு. 2020 கணக்கெடுப்பில் வெறும் 64 பேர் இருந்த டெக்சாஸின் லவிங் கவுண்டிக்கும் உண்டு. ஒவ்வொரு எண்ணோடும், உண்மை இதிலிருந்து இதற்குள் இருக்கலாம் என்ற எல்லையும் அச்சாகிறது. இந்தத் துறையின் அடிப்படை நூலை 2003-இல் எழுதிய ஜே. என். கே. ராவ் ஆந்திரத்தின் ஏலூரில் பிறந்தவர். அறிவு நமக்கு அந்நியமானதல்ல.

அமெரிக்க முறையை அப்படியே இறக்கிக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே முதுகெலும்பாக இருப்பது வருமான வரிப் படிவம்; இங்கே படிவம் தாக்கல் செய்பவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்குச் சில பேர். அங்கே உணவு உதவி வாங்குவோர் எண்ணிக்கை வறுமையைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொது என்பதால் அரிசி வாங்குவதை வைத்து யாரையும் எடைபோட முடியாது. (ரேஷன் பொதுவாக இருப்பதே நல்லது, கணக்குக்காக அதைக் கெடுக்க வேண்டியதில்லை.) நமக்கு வேறு பதிவேடுகள் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதால் அந்த நூறைத் தாண்டாத இணைப்புகள் ஓர் ஊரில் எத்தனை சதவீதம் என்பது நல்ல தடயம். நூறு நாள் வேலைக்கு வருவோர் எண்ணிக்கை இன்னொன்று. 2025-26-இல் தமிழ்நாட்டில் அதன் நாள்கூலி 336 ரூபாய், அதைவிட நல்ல கூலி வெளியே கிடைக்கும் ஊரில் கூட்டம் குறையும். இருசக்கர வாகனப் பதிவு, சாகுபடி அடங்கல், பீடித் தொழிலாளர் வைப்புநிதி, கூட்டுறவு வங்கி நகைக்கடன் எல்லாம் ஏற்கெனவே அரசு அலமாரிகளில் உள்ளவை. ஒவ்வொன்றும் தனியாக ஏமாற்றும். சேர்த்து வைத்து, நேரில் அளந்த வீடுகளோடு ஒத்துப்பார்த்தால் ஒன்றின் ஏமாற்றை மற்றது திருத்தும்.

மக்கள் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பது முதல் மறுப்பு. வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழ் கேட்பவர் குறைத்துச் சொல்வார். கல்வி உதவித்தொகை, இடஒதுக்கீடு என்று அந்தத் தாளில் பயன் தொங்குகிறது. பெயரில்லாமல் பதிவாகும் ஆய்வில் அந்தக் காரணம் இல்லை, பயம் மட்டும்தான் இருக்கிறது. 2004-05-இல் நாற்பத்தோராயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, வருமானத்தை ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களாகப் பிரித்துத் துருவிக் கேட்டது. அன்றைய இந்தியக் குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானம் சுமார் 28,000 ரூபாய் என்று அது கண்டது. சராசரி அதைவிட வெகுவாக மேலே நின்றது. குறைத்துச் சொல்வது எல்லோரிடமும் ஓரளவு இருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், செலவு ஆய்வோடு ஒப்பிட்டு அதன் அளவைத் தெரிந்துகொள்ளலாம். மேலும் இடைநிலைக்கு ஒரு பலம் உண்டு. குவாரி முதலாளி ஒரு கோடியை இருபது லட்சம் என்று மறைத்தாலும் அவர் நடுவுக்கு மேலேதான் நிற்பார், இடைநிலை அசையாது. சராசரி குப்புற விழுந்துவிடும்.

செலவைத்தான் நன்றாக அளக்கிறோமே, வருமானம் எதற்கு என்பது இரண்டாவது. வறுமையை அறியச் செலவு நல்ல அளவுகோல் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கார் சாகுபடி தவறிய ஆண்டிலும் அந்தக் குடும்பம் சாப்பிடத்தான் செய்கிறது, பிள்ளைக்குக் கட்டணம் கட்டத்தான் செய்கிறது. நகையை அடகு வைத்தோ, மகளிர் குழுக் கடன் வாங்கியோ கட்டுகிறது. செலவுக் கணக்கில் அது நிலையான குடும்பம்; வருமானக் கணக்கில்தான் சரிவு தெரியும். தவிர, அரசு தன் விதிகளை எழுதுவது வருமானத்தில். உரிமைத் தொகைக்கு இரண்டரை லட்சம், பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களைப் பிரிக்கவும் பொருளாதாரத்தில் நலிந்தோரை அடையாளம் காணவும் எட்டு லட்சம். 2021-இல் உச்ச நீதிமன்றம், இந்த எட்டு லட்சத்துக்கு எந்த அடிப்படையில் வந்தீர்கள், கிராமத்துக்கும் பெருநகரத்துக்கும் ஒரே வரம்பு எப்படிப் பொருந்தும் என்று மத்திய அரசைக் கேட்டது. குழு அமைத்து, அதே எட்டு லட்சம் தக்கவைக்கப்பட்டது. மாவட்டவாரியான இடைநிலை வருமானம் கையில் இருந்திருந்தால் அந்த விவாதம் கருத்துகளுக்கிடையே அல்ல, எண்களுக்கிடையே நடந்திருக்கும்.

மாதிரிக் கணக்கால் பெறும் எண் ஊகம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஊகம்தான். ஆனால் கிராம நிர்வாக அலுவலர் எழுதி, வருவாய் ஆய்வாளர் வழிமொழிந்து, வட்டாட்சியர் கையெழுத்திடும் சான்றிதழ் எண்ணும் ஊகம்தான். அதற்குப் பிழை எல்லை கிடையாது, எப்படி வந்தது என்று கேட்க வழியும் கிடையாது. செய்முறையையும் பிழையையும் வெளிப்படையாக வைக்கும் ஊகத்தை மறுத்துவிட்டு, மூடிய ஊகத்தை ஏற்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. மக்களின் மின்கட்டண விவரத்தைத் துழாவுவார்களே என்ற அச்சம் இதைவிட நியாயமானது. அதற்கும் இந்த முறையிலேயே பதில் உண்டு: ஃபே, ஹெரியட் வழிக்குத் தனி வீட்டின் பதிவு வேண்டாம், ஊர் அல்லது ஒன்றிய அளவிலான கூட்டுத்தொகை போதும்.

எனக்குக் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறு. நடு உயர்ந்துவிட்டது என்று காட்டி, கடைசி வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு வரும் பணத்தை நிறுத்திவிடலாம். நெல்லையில் அது நடக்கக்கூடியதே. கங்கைகொண்டான் ஆலைகளில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் வேலைக்குச் சேர, பனையேறுபவரும் நிரந்தரமில்லாத கூலி வேலைக்காரரும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆகவே இடைநிலையோடு, வரிசையில் கீழ்க்கால்வாசியில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். அதே தரவிலிருந்து, அதே கணக்கில் அது கிடைக்கும். குடும்ப அளவுக்கேற்பத் திருத்தியும் தர வேண்டும், இல்லாவிட்டால் மகன் தனிக்குடித்தனம் போனதால் மட்டும் ஊர் ஏழையாகிவிட்டதுபோலத் தெரியும். பணப் பகிர்வுக்கு இந்த எண்ணைப் பயன்படுத்தும் சூத்திரமும் அரசாணையில் எழுதப்பட வேண்டும். அமெரிக்காவில் ஏழை மாணவர் அதிகமுள்ள பள்ளிகளுக்கான நிதியைப் பிரிக்க இதே திட்டத்தின் மதிப்பீடுகள் பயன்படுகின்றன. எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை எந்தப் பள்ளி நிர்வாகமும் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

காலமும் இப்போது ஒத்து வருகிறது. 2025 ஜனவரியிலிருந்து தேசிய மாதிரி ஆய்வுகள் மாவட்டத்தை அடிப்படை அலகாகக் கொண்டு மாதிரி எடுக்கத் தொடங்கிவிட்டன. நாட்டின் முதல் முழுமையான குடும்ப வருமான ஆய்வை 2026 பிப்ரவரியில் தொடங்குவதாகவும், அதற்கு சுர்ஜித் பல்லா தலைமையில் வல்லுநர் குழு அமைத்ததாகவும் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025 ஜூனில் அறிவித்தது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீடு, கழிப்பறை, வாகனம், அடுப்பு என்று ஊர்வாரியான புதிய பட்டியலைத் தரும். இந்த மூன்றையும் மின்வாரியப் பதிவோடு ஒன்றிய அளவில் இணைக்கும் வேலை மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறையால் செய்யக்கூடியதே. தொடக்கத்தில் நெல்லைக்கும் தென்காசிக்கும் தூத்துக்குடிக்கும் மட்டும் செய்து பார்க்கலாம். ஆற்றுப்பாசனமும் மானாவாரியும் பீடியும் உப்பளமும் வளைகுடாப் பணமும் ஒருங்கே இருக்கும் இந்த மூன்று மாவட்டங்களில் முறை தாக்குப்பிடித்தால் வேறெங்கும் தாக்குப்பிடிக்கும். வெள்ள ஆண்டும் வறட்சி ஆண்டும் எண்ணைத் திரிக்காமல் இருக்க மூன்று ஆண்டுகளைச் சேர்த்து மதிப்பிட்டு, மானூருக்கு இவ்வளவு, நாங்குநேரிக்கு இவ்வளவு, சீவலப்பேரி அடங்கிய பாளையங்கோட்டை ஒன்றியத்துக்கு இவ்வளவு, பிழை இவ்வளவு என்று தமிழில் அச்சிட்டு, கிராம சபையில் வாசிக்க வேண்டும்.